இடம்பெயர்ந்தார் என்று எழுதிய கை

நேற்று மனைவி அச்சாறு போடுவதற்கு வினாகிரிப் போத்தலைத் திறந்தா. குசினி முழுக்க அந்த மணம். நான் கதிரையை விட்டு எழும்பிக் கீழே இறங்கும் படிக்கட்டைத் தேடினேன். எங்கள் வீட்டில் படிக்கட்டு ஏது? பார்க்டேலில் ஆறாம் மாடி அப்பாட்மென்ற். கால் தன்பாட்டில் உங்களுடைய பேஸ்மென்றுக்குப் போகப் பார்த்திருக்கிறது. பழைய படச்சுருள் கெட்டுப்போகத் தொடங்கினால் வினாகிரி மணம் வரும் என்று வேலைக்கு வந்த முதல் நாள் நீங்கள் சொல்லித் தந்தீர்கள். அதுவரை, யாரோ மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைச் சொன்னபோது நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். பிறகு வந்த ஏழு வருசத்தில் நீங்கள் அப்படிச் சிரித்ததை விரல்விட்டு எண்ணலாம்.

நீங்கள் போய் ஒரு வருசத்துக்கு மேலாகிறது, டொக்டர். செத்த ஆளுக்கு எழுத என்ன கிடக்கிறது என்று மனைவி கேட்கிறா. எனக்குக் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த உங்களுக்கு நான் ஒரு பொய் சொன்னேன். இந்த வருசம் முடிந்து இரண்டாயிரம் பிறக்கக் கணினியெல்லாம் நின்றுபோகும், உலகமே குழம்பும் என்று ஊர் பயந்துகொண்டிருக்கிறது. எனக்கு அந்தப் பயம் இல்லை. அந்தப் பொய் அப்படியே நின்றுவிடுமோ என்பதுதான் என் பயம்.

உங்களிடம் வருவதற்கு முன் இரண்டு வருசம் நான் ஒரு பேக்கரியில் பாண் அடுக்கிக்கொண்டிருந்தேன். உங்களுடைய வேலை விண்ணப்பத்தில் முன்னைய தொழில் என்ன என்று கேட்டிருந்தது. கிராம சேவையாளர் என்பதற்கு இங்கிலிசில் என்ன சொல்வது என்று தெரியாமல், ‘ஒரு பகுதியில் இருக்கும் ஆட்களின் பெயர்களை வைத்திருப்பவர்’ என்று எழுதினேன். யாழ்ப்பாணத்தில் எங்களைச் சனம் விதானையார் என்று கூப்பிடும். யார் எந்த வீட்டில் இருக்கிறார், யார் பிறந்தார், யார் போனார் என்று பட்டியல் வைத்திருப்பதும், குடும்ப அட்டையில் பதிந்து கையெழுத்து வைப்பதும் எங்கள் வேலை. நேர்முகத்துக்கு வந்தபோது அந்த வரியின் கீழ் நீங்கள் பென்சிலால் கோடு போட்டிருந்தீர்கள். மெதுவாக ஒருமுறை வாசித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் திங்கட்கிழமை வரச் சொன்னீர்கள்.

கனடாவுக்கு வந்தபோது படிவத்தில் என் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகப் போய்விட்டது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு நடந்த கூத்துத்தான். அதனால் நீங்கள் என்னை ‘மிஸ்டர் கந்தையா’ என்றே கூப்பிட்டீர்கள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கந்தையா என் அப்பா, அவர் செத்து இருபது வருசம் என்று சொன்னேன்.

“எங்கள் ஊரிலும் எல்லாரையும் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள்” என்றீர்கள். “அதிலிருந்து ஒருவரும் தப்புவதில்லை.”

பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கடைசிவரை மிஸ்டர் கந்தையா என்றுதான் கூப்பிட்டீர்கள்.

உங்களுக்கு எங்கள் கட்டடத்தில் இருந்த மதிப்பு உங்களுக்குத் தெரியாது. கல்லூரியொன்றின் பேஸ்மென்றில், குடியேறி வந்த சனத்தின் கடிதங்களையும் அட்டைகளையும் படங்களையும் சேர்த்துவைக்கிற சரித்திர ஆசிரியர் நீங்கள் என்று எவ்வளவு விளக்கினாலும், டொக்டர் என்ற சொல் காதில் விழுந்தால் சனம் விடாது. பழைய காகிதம் கேட்டு என்னோடு முதல்முறை பார்க்டேலுக்கு வந்தபோது மூன்று பேர் உங்களுக்கு முழங்காலைக் காட்டினார்கள். நீங்களும் ஒவ்வொரு முழங்காலையும் குனிந்து கவனமாகப் பார்த்து, ‘இதற்கு நல்ல வைத்தியரிடம் போங்கள்’ என்று சொன்னீர்கள். அன்றைக்கு உங்களுக்கு இரண்டு குடும்ப அட்டையும், ஒரு கட்டுக் கடிதமும், வயிறு நிறையப் பிட்டும் கிடைத்தன.

வேலைக்கு வந்த முதல் கிழமையே நான் ஒரு வினை செய்தேன். ஹங்கேரிக்காரி ஒருத்தி செத்துப்போய், அவள் பிஸ்கட் ரின்னில் வைத்திருந்த கடிதங்கள் வந்திருந்தன. கண்டபடி கிடந்தன. விதானைப் புத்தி சும்மா இருக்குமா? திகதிப்படி அடுக்கி, நூல் கட்டி, பெருமையோடு உங்களிடம் கொண்டுவந்தேன். உங்கள் முகம் சிவந்துவிட்டது. “அவள் வைத்த ஒழுங்குதான் அவள். நீங்கள் அவளைக் கலைத்துவிட்டீர்கள்” என்றீர்கள். ஒரு பின்னேரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் கடித மடிப்புகளையும் கறைகளையும் பார்த்துப் பார்த்து, எது எதன்மேல் கிடந்தது என்று திரும்பக் கண்டுபிடித்தோம். அன்றைக்குத்தான் உங்கள் மற்றச் சட்டத்தையும் சொன்னீர்கள். பத்திரத்தில் எழுதியிருப்பது பொய் என்று தெரிந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. வேறு தாளில், பென்சிலால், உண்மை இன்னது என்று எழுதிப் பக்கத்தில் வைக்கலாம். “பொய்யை அழித்தால் பொய் சொன்னவனை ஒளித்துவிடுகிறோம்” என்று விளக்கம் சொன்னீர்கள். நல்ல சட்டம் என்று தலையாட்டினேன். அது என்மேல் வந்து விழும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்னொரு பழக்கமும் உங்களுக்கு இருந்தது. ஐந்து மணிக்கு அலுமாரிகளைப் பூட்டும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பீர்கள். ஒவ்வொரு நாளும் அதே முணுமுணுப்பு, அதே நீளம். ஜெபமா என்று ஒருநாள் கேட்டேன். இல்லை, பெயர் கூப்பிடுவது என்றீர்கள். பள்ளிக்கூடத்தில் வரவு பதிவது போலவா என்று கேட்டேன். “அப்படித்தான். ஆனால் ஒருவரும் வருவதில்லை” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தீர்கள். நான் மேலே கேட்கவில்லை.

ஊரில் என் பகுதியில் இருந்த பூரணம் அக்கா வந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரியில். மகள் பொறுப்பு நின்று கூப்பிட்டு, ரெக்ஸ்டேலில் மகளோடு இருந்தா. பெயர்களை வைத்திருக்கிற டொக்டர் ஒருவர் இருக்கிறார், காணாமற்போன ஆட்களைத் தேடித் தருவார் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி, ஒரு ரயில் ஏறி, பனிச் சப்பாத்தோடு படியிறங்கி வந்தா. என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டா.

“விதானையாரோ? கடவுளே, நீங்களோ இங்கை இருக்கிறியள்?”

“ஓம் அக்கா. எப்ப வந்தனீங்கள்?”

“புரட்டாசியிலை. என்ரை பிள்ளையைத் தேடித்தான் வந்தனான்.”

பைக்குள் இருந்து பொலித்தீனில் சுற்றிய குடும்ப அட்டையை எடுத்து உங்கள் மேசையில் விரித்தா. முதல் வரியில் அவவின் பெயர். இரண்டாவது மகள். மூன்றாவது சிவநேசன். அவனுடைய பெயருக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில், நீல மையில் ஒரே ஒரு சொல்: இடம்பெயர்ந்தார். கீழே கையெழுத்து. எல்லாம் என் கை. என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மாவட்ட அலுவலகமான கச்சேரியில் பெரியவர்களே புகழ்ந்த எழுத்து. அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை எடுத்து இழுத்து ஒரு வளைவு போட்டிருந்தேன்.

“நீங்கள்தானே எழுதினது” என்றா பூரணம் அக்கா. கண்ணில் அவ்வளவு ஆசை. “அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்கை போறன் எண்டு சொல்லிச்சுதே பிள்ளை?”

“இல்லை அக்கா. என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை.”

“சரி, பரவாயில்லை. விதானையாரே எழுதியிருக்கிறார், போயிட்டான் எண்டு. போன பிள்ளை எங்கையும் இருக்கும்தானே. ஒவ்வொரு வெள்ளியும் றிச்மண்ட் ஹில் கோயிலிலை அவன்ரை பேருக்கும் பூரட்டாதிக்கும் அர்ச்சனை செய்யிறன்.”

நாங்கள் கதைத்தது உங்களுக்கு விளங்கவில்லை. அட்டையைக் காட்டி, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று என்னிடம் கேட்டீர்கள். வேறு இடத்துக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டீர்கள். எழுதவில்லை என்றேன். யார் எழுதியது என்று கேட்டீர்கள். அந்தப் பகுதி அலுவலர் என்றேன். நீங்கள் ஒரு விரலை அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், தொடாமல், வைத்தீர்கள். பிறகு எழும்பி, பூரணம் அக்காவுக்கு நீங்களே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தீர்கள். எங்களுக்கு நீங்கள் ஒருநாளும் தேத்தண்ணி போட்டதில்லை.

அடுத்த கிழமை, சாமான் இறக்கும் பின்வாசலில் நின்று சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் கதையைச் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னீர்கள். ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பட்டணம். உங்கள் அப்பா நகர மண்டபத்தில் குடியிருப்போர் பதிவேடு எழுதுகிறவர். வெள்ளைக் கழுத்துப்பட்டி, கறை படாத விரல்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உங்களுக்குப் பதினைந்து வயது. காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றில் அட்டைப் பெட்டிகள் தூக்கும் வேலை கிடைத்தது. அங்கேதான் பெயர்மேல் பைத்தியம் பிடித்தது என்றீர்கள். பிறகு சரித்திரம் படித்தீர்கள். முந்நூறு வருசத்துக்கு முந்திய ஆற்று உப்பு வரியைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினீர்கள். “முந்நூறு வருசத்துக்கு முந்தியது என்றால் யாருக்கும் கோபம் வராது” என்று சொன்னீர்கள். அந்தப் பட்டத்தைப் பார்த்துச் சொந்தப் பட்டணமே உங்களைத் தன் ஆவணக் காப்பாளராக்கியது.

ஒருநாள் நகர மண்டப நிலவறையில், உப்பு வரிக் கணக்குத் தேடப்போய், அப்பாவின் பதிவேடு கையில் வந்தது. உங்கள் தெருவில் இருந்த யூதக் குடும்பங்களின் பெயர்கள். பதினொரு பெயர். பதினொன்றுக்கும் நேரே, ஒரே நாளில், ஒரே மையில், அப்பாவின் அழகான எழுத்தில் ஒரே குறிப்பு. அதை எனக்கு உங்கள் பாஷையில் சொன்னீர்கள்: உன்பெகாண்ட் ஃபெர்ட்சோகன். தெரியாத இடத்துக்குக் குடிபெயர்ந்தார். அவர்கள் எந்த ரயிலில் ஏற்றப்பட்டார்கள் என்று பட்டணத்துக்கே தெரியும். நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனதைச் சனம் ஜன்னலில் நின்று பார்த்தது.

“அப்பாவிடம் கேட்டீர்களா?” என்றேன்.

“இருபது வருசம் அவர் தானாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். பிறகு கேட்டேன். ‘எனக்குத் தந்த சொல்லைத்தான் எழுதினேன்’ என்றார். சூப்பை முழுவதும் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.”

நீங்கள் அந்தப் பெயர்களைப் போட்டுக் கட்டுரை எழுதினீர்கள். தெருவில் ஆட்கள் உங்களோடு கதைப்பதை விட்டார்கள். அம்மா கதவைத் திறக்கவில்லை. அப்பா செத்தபோது, செய்தி உங்களுக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தது. கனடாவுக்கு வந்து, வேறு நாட்டுச் சனத்தின் பெட்டிகளுக்குள் மிச்ச வாழ்க்கையைக் கழித்தீர்கள். ஐந்து மணிக்கு நீங்கள் கூப்பிட்ட பெயர்கள் எவை என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. ஏன் எனக்கு இதைச் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அது விளங்காத அளவுக்கு நான் மக்கன் இல்லை.

உங்களிடம் நான் வாய்திறக்க இன்னும் எட்டு மாதம் போனது. அதற்கும் காரணம் பூரணம் அக்காதான். ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்து, சிவநேசனின் சாதகத்தை என் கையில் தந்தா. ரெக்ஸ்டேலில் ஒரு நல்ல பெட்டை இருக்கிறதாம். பொருத்தம் பார்த்தாயிற்றாம்.

“பையன் வந்து சேர்ந்த உடனை செய்துபோடலாம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். சாத்திரியார் சொன்னவர், ஆயுசு கெட்டியாம்.”

அன்று பின்வாசலில் வைத்து உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊரில் நடந்தது இதுதான்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை. சந்திக்கு அங்காலே மதகடியில் நாலு பொடியள் செத்துக் கிடக்கினம், வந்து அடையாளம் காட்டு என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிப்போனவர்களின் கையில் குண்டு போட்ட துவக்கு. எந்த ஆட்கள் என்று, இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டும், நான் எழுத மாட்டேன். மூன்றாவதாகக் கிடந்தது சிவநேசன். நீலக் கோடு போட்ட சேட். முதல்நாள்தான் சந்திக் கடையில் சைக்கிளை நிறுத்தி, ‘என்ன விதானையார், வெயில் கூடிப்போச்சு’ என்று சொல்லிவிட்டுப் போனவன். தெரியுமோ என்று கேட்டார்கள். தெரியும் என்றால் வீடு எது என்று அடுத்த கேள்வி வரும். வீட்டில் தாயும் குமர்ப்பெட்டையும். தெரியாது, என் பகுதிப் பொடியன் இல்லை என்று சொன்னேன். லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் குடும்ப அட்டை புதுப்பிக்கும் நாள் வந்தது. பூரணம் அக்கா வரிசையில் நின்று அட்டையை நீட்டினா. பிள்ளை எங்கே போயிருப்பான் என்று என்னைக் கேட்டா. கட்டத்தை வெறுமையாக விட்டால் யாராவது கேள்வி கேட்பார்கள். அந்த நாட்களில் ஊரே ஓடிக்கொண்டிருந்தது; அந்தச் சொல்லை நான் எத்தனையோ பெயருக்கு நேரே எழுதியிருந்தேன், எல்லாம் உண்மை. இவனுக்கும் எழுதினேன். வளைவும் போட்டேன். அட்டையை வாங்கிப் பார்த்த அக்காவின் முகம் தெளிந்ததை நான் கண்டேன். அந்தத் தெளிவைக் கண்டபிறகு என்னால் வாய்திறக்க முடியவில்லை. அது இரக்கமா, பயமா என்று இத்தனை வருசமும் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டும்தான். பயம்தான் கூட.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எதிர்பார்த்தேன்.

“முதல் நாளே தெரியும்” என்றீர்கள். “வாசிக்கத் தெரியாத எழுத்திலும் கை தெரியும். என்னுடைய பெட்டிகள் எல்லாவற்றிலும் அந்த வளைவு இருக்கிறது.”

பிறகு சொன்னீர்கள்: “ஆறு வருசமாக என் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் அப்பாவுக்குத் தாய் ஒருத்தி வரிசையில் வந்து நின்றாளா, அவர் தலையில் துவக்கு இருந்ததா என்று கேட்கவேண்டும் போல் இருந்தது. ஆனால் அதைவிட மோசமான ஒன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. உங்கள் அப்பாவுக்குச் சொல்லை யாரோ கொடுத்தார்கள். எனக்கு ஒருவரும் தரவில்லை. நானே தேடி எடுத்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.

இரண்டு கிழமை நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. வேலையைப் பென்சிலில் எழுதி மேசையில் வைத்தீர்கள். பதினைந்தாம் நாள் வைத்த துண்டில் வேலை இல்லை. ‘அவளுக்கு எப்போது சொல்லப் போகிறீர்கள்? நானும் வருகிறேன்’ என்று எழுதியிருந்தது. வருகிற மாதம் என்றேன். அந்த மாதம் அக்காவின் மகளுக்குச் சுகமில்லை, அடுத்த மாதம் பனி, அதற்கடுத்தது தைப்பொங்கல். ஒவ்வொரு தவணைக்கும் எனக்குக் காரணம் கிடைத்தது. அதற்குள் உங்களுக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கினீர்கள். கோட்டைப் போட்டால் தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனீர்கள்.

கடைசியாக உங்களைப் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பார்க்க வருகிறவர்கள் உங்களுக்கு அதிகம் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். என் காலடி கேட்டதும் கேட்டது அந்த ஒரே கேள்விதான்.

“சொல்லிவிட்டீர்களா?”

சொல்லிவிட்டேன் என்றேன், டொக்டர். சொல்லியிருக்கவில்லை. நீங்கள் நிம்மதியாகப் போகவேண்டும் என்று நினைத்துச் சொன்னேன். அன்றைக்கு அட்டையில் எழுதும்போதும் இப்படித்தான் ஏதோ நினைத்தேன்.

“அவள் என்ன சொன்னாள்?”

அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அழுதா என்றேன். அழுதுவிட்டு, உண்மையைச் சொன்னதுக்கு என் கையைப் பிடித்து நன்றி சொன்னா என்றேன். நீங்கள் என்னை நிறைய நேரம் பார்த்தீர்கள். பிறகு ‘நல்லது’ என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வியாழக்கிழமை நீங்கள் இல்லை. கையைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவருக்கு அந்தப் பொய் தெரியாமலா இருந்திருக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடுதான் சாப்பிடுகிறது, என்னோடுதான் ட்ராமில் ஏறுகிறது.

நீங்கள் செத்த கையோடு போய்ச் சொன்னேன் என்று எழுதினால் அதுவும் பொய். ஐந்து மாதம் கழித்துத்தான் போனேன். பனி கரைந்து தெருவெல்லாம் சேறு. கிப்ளிங் ரயில் நிலையத்தில் இறங்கிப் பஸ் எடுத்தேன். மகள் வேலைக்குப் போயிருந்தா. பூரணம் அக்கா தோய்த்த உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. இருக்கச் சொன்னா, நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். மதகு, நாலு பேர், நீலக் கோட்டுச் சேட், தெரியாது என்று சொன்னது, எழுதினது. அவ தலையணை உறையொன்றை மடித்து, விரித்து, திரும்ப மடித்துக்கொண்டிருந்தா.

அழவில்லை. நன்றி சொல்லவில்லை. என் கையைப் பிடிக்கவும் இல்லை. உங்களுக்குச் சொன்னதில் ஒன்றுகூட நடக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நான் பாடமாக்கிக்கொண்டு போனதைத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினா.

“அண்டைக்கு என்ன திதி?”

“ஆவணி, அபரபக்கத் தசமி.”

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அன்று மதகடியில் இருந்து வந்த கையோடு பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்து வைத்திருந்தேன். அப்போதுதான் அவ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா.

“பாத்து வைச்சிருக்கிறியள்” என்றா. “நாளையும் பாத்து வைச்சுக்கொண்டு, இவ்வளவு வருசமும் செத்த பிள்ளைக்கு என்னை அர்ச்சனை செய்ய விட்டிருக்கிறியள்.”

நான் படியிறங்கி வந்துவிட்டேன். அன்றைக்குப் பஸ் தரிப்பில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எத்தனை பஸ் போனது என்றும் தெரியாது.

ஆவணி பிறந்ததும் போன் வந்தது. தசமி வருகிற புதன்கிழமை, பிள்ளைக்குத் திவசம் செய்யத் தன் வீட்டில் ஆம்பிளை ஒருத்தரும் இல்லை, வேட்டியோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா. என்னை அவமானப்படுத்தத்தான் கூப்பிடுகிறா, போகவேண்டாம் என்று மனைவி மறித்தா. போனேன். சின்ன வரவேற்பறை. சோபாவை ஒதுக்கி, நிலத்தில் துணி விரித்து, வாழையிலை போட்டிருந்தது. ஐயர் என் விரலில் தர்ப்பை போட்டார். பிள்ளையின் பெயரைக் கேட்டார். சிவநேசன் என்று சொன்னேன். நட்சத்திரம் கேட்டார், சொன்னேன்.

“பிள்ளைக்கு நீங்கள் என்ன முறை?”

எத்தனையோ குடும்பத்துக்கு உறவுமுறை எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. குசினி வாசலில் நின்ற பூரணம் அக்கா சொன்னா:

“ஒரு முறையும் இல்லை ஐயா. விதானையார். நாள் தெரிஞ்ச ஆள் அவர் ஒருத்தர்தான்.”

ஐயர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எள்ளையும் தண்ணியையும் என் கையில் விட்டார். நான் செய்து முடித்தேன். அதற்குப் பிறகு பூரணம் அக்கா எனக்கு இலை போட்டுச் சோறு பரிமாறினா. கறியில் உப்பு இல்லை. கேட்க எனக்கு வாய் இல்லை, முழுக்கச் சாப்பிட்டேன். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்கவும் வாய் உன்னியது, அதையும் விழுங்கினேன். சப்பாத்துப் போடும்போது வாசலுக்கு வந்து நின்று ஒன்று சொன்னா.

அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் கட்டிலில் கிடந்து கேட்டீர்கள். நான் அன்றைக்குச் சொன்னது பொய். அதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். அவ உண்மையில் சொன்னது இதுதான், டொக்டர்:

“இனி ஒவ்வொரு வருசமும் நீங்கள்தான் வரவேணும், விதானையார். நீங்கள் உயிரோடை இருக்கும்வரைக்கும் நீங்கள்தான்.”

வாறன் அக்கா என்று சொல்லியிருக்கிறேன்.